அகலமாகிப் போன மாப்பிள்ளை

கண்ணைத் திறந்தபோது கூரையில் ஒரு வானவில் ஊர்ந்துகொண்டிருந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் அந்த நேரத்தில் வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தரையில் படுத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் பாயைப் போட்டு நானும் படுத்துவிடுவேன். வேளச்சேரி ரோட்டின் ஹாரன் சத்தமெல்லாம் அப்போது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அந்த அரைத் தூக்கத்தில்தான் வானவில்லைப் பார்த்தேன். கனவுதான் போலிருக்கிறது என்று சந்தோஷமாக மறுபடி கண்ணை மூடினேன்.

"அக்கா, டிவிடிய போன்ல ஏத்தித் தர்றது இங்கதானே?"

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் உறையில்லாத டிஸ்க். அதில் பட்ட வெயில்தான் கூரை வரை ஏறியிருந்தது. எழுந்து கதவைத் திறந்தேன். அவள் மேல் கடல் காற்றின் உப்பு வாசனையும் முகப்பவுடர் வாசனையும் கலந்து அடித்தது. வட்டமான, களையான முகம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும்.

"நான் அஞ்சலை பொண்ணுக்கா. சிக்னலாண்ட மீன் விக்குறாங்களே, அவங்க பொண்ணு தேவி."

அஞ்சலை அக்காவிடம்தான் பல வருடங்களாக எங்கள் வீட்டுக்கு மீன். பேரம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேசாமல் நின்றால் சங்கராவோடு இரண்டு நண்டைத் தூக்கிப் போடுவார். சிக்னல் பக்கத்தில் அவர் உட்காரும் இடம் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடலோரத்துக் குப்பத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு வேறு எந்த ஊர் என்று யோசிக்கவில்லை.

இந்த ஆளு யாரு

தேவி சொன்னது இதுதான். மீன் ஏலத்துக்குப் போன இடத்தில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் நல்ல அடி, தலையிலும் லேசாக. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தலையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு.

"சும்மா படுத்தே கீறாங்களேன்னு அவங்க கல்யாண டிவிடிய போட்டேங்க்கா. டிவில அப்பா வந்தாரு. பாரும்மான்னேன். இந்த ஆளு யாருன்னு கேக்கறாங்க. வெளாடுறாங்கன்னு நெனச்சேன். இல்ல. இவன் எம் புருசன் இல்லன்னு அடிச்சி சொல்றாங்க."

தேவி தொட்டிலில் கிடந்தபோது கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. கல்யாண ஆல்பம், கடல் ஊருக்குள் வந்த வருடத்தில் ஊறி நைந்து போயிற்று. பல்லாவரத்தில் சின்னம்மா வீட்டுப் பரணில் கிடந்த கேசட் மட்டும் தப்பியது. அதைப் போட்டுப் பார்க்க அவர்களிடம் பிளேயர் கிடையாது. பின்னால் அதை டிஸ்க்காக மாற்றி, கேசட்டையும் பூஞ்சை தின்றபிறகு, அந்த மனிதரின் முகம் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது தேவி கையிலிருந்த அந்த ஒரு டிஸ்க்கில்தான்.

"அண்ணன் இன்னா சொல்றான்னா, அம்மாவுக்கு மூளை கொளம்பிடுச்சி, இனிமே கடைக்குலாம் வுடக்கூடாதுன்றான். கோவிலம்பாக்கத்துல அவன் வூட்டு மாடில வச்சிக்கிறானாம். ஞாயித்துக்கெழம வந்து கூட்டினு போறேன்னுட்டான். அம்மா அழுவுது. என்ன கடைக்கு வுடுங்கடா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு."

டிஸ்க்கை என்னிடம் நீட்டினாள். "போன்ல ஏத்திக் குடுத்தா நாள் பூரா காட்டினே இருப்பேன். ஞாபகம் வந்துரும்லக்கா? ஞாயித்துக்கெழமைக்குள்ள?"

அன்று வியாழன். பார்க்கலாம் என்றேன். அப்படிச் சொல்வதைத் தவிர வேறென்ன சொல்வது?

மாடிப்படி மிக்ஸிங்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. என் மிக்ஸிங் நாட்களைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் சென்ற வாரம் நாலு வரிதான் எழுதினேன். அதற்கே ஒரு வாசகி, "இதய வடிவத்துக்குள் மணமகளைப் போட்டுச் சுழற்றிய பாவி நீங்கள்தானா?" என்று கேட்டிருக்கிறார். நானேதான்.

குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், சலவைக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் மிக்ஸிங் சென்டர். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பூ தூவிக் கொடுக்கிற இடம். படி ஏறும்போது கீழேயிருந்து இஸ்திரிச் சூட்டின் வாசனை கூடவே வரும். மேலே ஏசி அறை, திரை போட்ட ஜன்னல், எந்நேரமும் மாலை ஆறு மணி வெளிச்சம். தாம்பரம் லோக்கல் போகும்போது மேசை மெல்ல அதிரும். அந்த அதிர்வில் திரையில் இருக்கும் மணமகளும் கொஞ்சம் நடுங்குவாள்.

முதலாளி பெயர் மனோகரன். நல்ல மனிதர், எல்லோருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்பட்டவர். நான் டைப்பிங் படித்துவிட்டு வேலை தேடிப் போனவள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னை எடுத்துக்கொண்டார்.

வாரம் ஏழெட்டுக் கல்யாணம் பார்ப்பேன். என்னைத் தெரியாத மனிதர்களின் பெரியப்பா, சித்தி, அத்தை மகன் எல்லோரையும் எனக்குத் தெரியும். யார் யாரோடு பேசவில்லை என்று தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் கேமராவைப் பார்த்ததும் யார் வடையை இலையில் திரும்ப வைத்தார் என்றும் தெரியும். மதியத் தூக்கத்தில் அவர்கள் வரிசையாக வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பிரசங்கம் செய்யும்போதுகூட, முன்வரிசைத் தலைகளுக்கு மேல் யாரோ ஒரு மாமா பன்னீர் தெளித்துக்கொண்டு நடந்து போவார்.

ஓரத்தில் கறுப்பு

பிறகு ஒரு காலம் வந்தது. வீட்டுக்கு வீடு குண்டு டிவி போய், சுவரில் மாட்டுகிற அகல டிவி வந்தது. பழைய கேசட்டுகளை எல்லாம் டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்லி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள்.

போட்டுக் கொடுத்தோம். இரண்டே நாளில் திரும்பி வந்தார்கள்.

"என்னங்க இது, ரெண்டு ஓரத்துலயும் கறுப்பா இருக்கு? முழு டிவி வாங்கியிருக்கோம், பாதியிலதான் படம் வருது."

பழைய கேமராவின் படம் கிட்டத்தட்டச் சதுரமானது. நாலு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம். புது டிவியோ பதினாறு பங்கு அகலத்துக்கு ஒன்பது பங்கு உயரம். சின்னப் பாயைப் பெரிய அறையில் விரித்தால் ஓரத்தில் தரை தெரியத்தானே செய்யும்? இதை முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாகச் சொன்னேன். பதினோராவது ஆள் மனோகரன் சாரிடம் போய்ச் சத்தம் போட்டார்.

"இழுத்து வுட்டுடு ஸ்டெல்லா," என்றார் சார். "கஸ்டமர் கேக்கறத குடு. நமக்கு எதுக்கு வம்பு?"

இழுப்பது மிகச் சுலபம். டிவிடியில் படம் ஒரே அளவில்தான் பதிந்திருக்கும். அதை எவ்வளவு அகலத்துக்கு விரிக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்ல, ஒரு சின்னக் குறிப்பு கூடவே இருக்கும். நாலுக்கு மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் பதினாறுக்கு ஒன்பது என்று மாற்றினால் போதும், தீர்ந்தது. மூன்று விரல் அகலமாக இருந்த கன்னம் நாலு விரல் ஆகிவிடும்.

யாரும் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் சந்தோஷப்பட்டார்கள். நம் ஊரில் கல்யாணப் பெண் பூசினாற்போல் இருந்தால் குடும்பத்துக்கே அழகு. பல்லிபோல இருந்த மாப்பிள்ளைகள் என் கைபட்டு மிராசுதார்கள் ஆனார்கள். "அப்பவே நல்லா சாப்பிட்டிருக்கார் பாருங்க" என்று ஒரு அம்மா பெருமைப்பட்டுக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. நானும் சிரித்தேன். அப்படியே நாலைந்து வருடம் எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

என் ரோஜா இதழ்கள்

தேவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கொஞ்சம் முனகிவிட்டுச் சுழன்றது. திரை மெல்ல இளஞ்சிவப்பானது. மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. நடுவில் சாய்ந்த எழுத்தில் "ஏழுமலை – அஞ்சலை" என்று வந்தது.

என் இதழ்கள். என் எழுத்து. அந்த இதழ்களை மூன்றாவது வரிசையில் கொஞ்சம் வேகமாக விழ வைத்தது நான்தான். வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. வரவே வேண்டாம் என்று உள்ளே எங்கோ வைத்திருந்தேன் போலிருக்கிறது.

டிஸ்க்கை வாங்க அஞ்சலை அக்கா மாடிப்படி ஏறி வந்திருந்தார். மீன் விற்று முடித்துவிட்டு நேராக வந்ததால் அறைக்குள் வரத் தயங்கி, கதவருகிலேயே நின்றார். சரியாக இருக்கிறதா என்று நான் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினேன். மாப்பிள்ளை மணவறைக்கு வந்தார். அக்கா ஒரு அடி முன்னால் வந்தார்.

"இன்னாம்மா, ஆளு வேற மாதிரி கீறாரு?"

"ஃபுல் ஸ்கிரீன்க்கா. இப்பெல்லாம் இப்படித்தான் வரும். ஹீரோ மாதிரி இருக்காரு பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். டிஸ்க்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை அவரிடம் மீன் வாங்கியிருப்பேன். ஒரு நாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பேசவே தோன்றவில்லை.

தாலித் தட்டு

குறிப்பை நாலுக்கு மூன்று என்று மாற்றினேன். திரையில் எல்லோரும் ஒரு மூச்சை உள்ளே இழுத்ததுபோல ஒடுங்கினார்கள். பந்தக்கால் நிமிர்ந்தது. நாதஸ்வரக்காரர் பத்து கிலோ இளைத்தார். ஏழுமலை, தோள் எலும்பு துருத்திய, நீண்ட தாடையுள்ள, இருபத்தைந்து வயது இளைஞனாக மணவறையில் உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கா இது?" என்றாள் தேவி.

"உங்கப்பா."

"இது எங்கப்பா மாதிரி இல்லியே."

அம்மாவும் மகளும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், வேறு வேறு முகத்தைப் பார்த்து. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டிஸ்க் கைக்கு வந்த பன்னிரண்டு வயதிலிருந்து இந்தப் பெண் பார்த்த அப்பாவை நான் வந்து மாற்றுகிறேனே, நான் யார்?

இந்த மாதிரிச் சந்தேகத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். வட்டமான பொருள் ஏதாவது நேருக்கு நேராகத் தெரிகிறதா என்று தேட வேண்டும். சர்ச் கல்யாணமென்றால் சுவர்க் கடிகாரம் சிக்கும். மற்ற கல்யாணங்களில் தாலித் தட்டுதான். தேங்காய் மேல் தாலியை வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோகும்போது, எந்தக் கேமராக்காரரும் அதை மேலேயிருந்து நேர் கீழாக எடுக்காமல் விடமாட்டார்.

இந்த வீடியோவிலும் எடுத்திருந்தார். அங்கே நிறுத்தினேன். முதலில் நான் இழுத்திருந்தபடியே வைத்து, தையல் டேப்பை தேவியிடம் கொடுத்து, திரையில் அளக்கச் சொன்னேன்.

"ஒயரம் ஒம்போது சென்டி. அகலம் பன்னெண்டு."

"அப்படித் தட்டு எங்கயாவது பார்த்திருக்கியா?"

குறிப்பை மாற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். உயரம் ஒன்பது, அகலம் ஒன்பது. டேப்பைச் சுருட்டவும் மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு உங்க அம்மா மேல இல்ல தேவி. என் மேல. இந்த டிஸ்க் போட்டது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படியில் அம்மா கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் கன்னத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள்.

"நான் அப்பா ஜாடைன்னு நெனச்சிகினு இருந்தேன்க்கா," என்றாள். "ரெண்டு பேருக்கும் உருண்ட மொகம்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். அது அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

கட்டிலில்

சரிசெய்த படத்தைத் தேவியின் போனில் ஏற்றிவிட்டு, அவள் ஸ்கூட்டியிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் வெயிலில் கண் கூசிக் கரைந்து போயின. குப்பம் நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு ஏறியது. காய்ந்த கருவாட்டின் வாசனை வந்தது.

அம்மாவிடம் முன்கூட்டி எதுவும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா இரும்புக் கட்டிலில் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். சிக்னல் அருகே கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணா இது என்று இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். தடுத்தேன்.

"ஸ்டெல்லாம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீயாச்சும் சொல்லு இதுங்களாண்ட."

தேவி போனை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் சலிப்போடு வாங்கினார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். திரையில் மாப்பிள்ளை மாலைக்குக் குனிந்தார்.

அக்காவின் வாய் லேசாகத் திறந்தது. வெளியே யாரோ வலையை உதறும் சத்தம் கேட்டது.

"கழுத்தெலும்பு தெரிது பாரு," என்றார். "தாலி கட்றப்ப அத்தயேதான் பாத்துனு இருந்தேன். இத்தினி ஒல்லியா கீறாரே, வல இழுப்பாரா இவருன்னு."

"யாரும்மா இது?" என்று கேட்ட தேவியின் குரல் உடைந்தது.

"யாரா? ஒங்கப்பன்டி. கண்ணு அவிஞ்சி போச்சா ஒனக்கு?"

தேவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. திரையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்கந்து கொணாந்தீங்க இத்த? வேற கேசட்டு கீதா?"

"அதே டிஸ்க்தான்க்கா. படத்தை நான்தான் அகலமா இழுத்து வச்சிருந்தேன். அன்னிக்கு நீங்க கேட்டப்ப, சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். அது தப்பு."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப நா மறக்கல," என்றார்.

அதை எங்களிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கி ஒன் கடையில பாத்தப்பவே எனக்கு வேற ஆளாத்தான் தெரிஞ்சிது. மிசினு பொய் சொல்லுமா? நாமதான் மொகத்த மறந்துட்டோம்னு நெனச்சிகினேன். கட்டின புருசன் மொகம் மறந்துபோச்சின்னு யாராண்ட போய் சொல்றது? பசங்க அத்த போடறப்பல்லாம் எந்திரிச்சி வெளிய போய்டுவேன். இப்ப எந்திரிக்க முடில. கேட்டுட்டேன்."

அம்மா அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டார் என்று தேவி என் வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தாள். துக்கம் என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று அந்தப் பெண் பதினைந்து வருடம் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தப் பயத்தை அவர் முந்தானையில் சுற்றிக் கொடுத்தனுப்பியவள் நான்.

தேவி வாசலுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கெழம வா, மீன் கொழம்பு சாப்ட்டுட்டுப் போ. அம்மா எங்கியும் வரல. நல்லா கீது. ஆமா, நாந்தான் சொல்றேன், நல்லா கீது," என்று அவள் சொல்வது கேட்டது.

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடச் சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எத்தினி பேரு வூட்டு ஆம்பளைங்கள இப்டி இழுத்து வுட்ருப்ப?" என்று கேட்டார். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நாலைந்து வருடத்து முகூர்த்த நாட்களை நினைத்துப் பார்த்தேன். "தெரியலக்கா," என்றேன்.

"போய் சொல்லு அவங்களாண்ட. என்னாட்டம் எவளாவது வாய மூடிகினு கெடப்பா."

இரண்டு மாதம் கழித்து அவர் சிக்னல் பக்கத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் இன்னும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. மனோகரன் சார் இப்போது இல்லை. சென்டர் இருந்த இடத்தில் வேறு ஏதோ கடை. யார் யாருக்குப் போட்டுக் கொடுத்தேன் என்று என்னிடம் எந்தக் குறிப்பும் கிடையாது. எனக்கு இருப்பது இந்தப் பக்கம் மட்டும்தான்.

அந்த வருடங்களில் குரோம்பேட்டையில் சலவைக் கடை மாடி ஏறி என்னிடம் டிஸ்க் வாங்கிப் போனவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். இறந்துபோனவரின் முகத்தைப் பார்த்து, இது எங்கள் ஆள் இல்லையே என்று மனதுக்குள் தோன்றி, வெளியே சொல்லப் பயந்து இருக்கலாம். நீங்கள் எதையும் மறக்கவில்லை.